பலர் எழுதும் நிரல்

கணினி தானாக எதனையும் செய்வதில்லை. அது செய்ய வேண்டியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக முறைப்படுத்தி எழுதிக் கொடுத்தல் வேண்டும். அங்ஙனம் எழுதப்படும் கட்டளைத் தொகுதியை நிரல் என்றும், அதனை எழுதுவோரை நிரலர் என்றும் வழங்குவர். வரிசை என்பதே நிரல் என்னும் சொல்லுக்குரிய பழம்பொருள். கைப்பேசியாயினும், வங்கிக் கணக்காயினும், இரயில் முன்பதிவாயினும் உள்ளிருந்து இயக்குவது மனிதர் எழுதிய எழுத்தே. எழுத்தாதலின் எழுத்துக்குரிய குற்றங்கள் யாவும் அதற்கும் உண்டு. பிழை நேரும், திருத்தம் வேண்டும், திருத்தப் புகுந்தவராலேயே புதுப்பிழை தோன்றுதலும் உண்டு.

ஒருவர் எழுதி அவரே திருத்தும் சிறு நிரலாயின் இதனாற் பெருந்தொல்லை இல்லை. இக்காலத்து நிரல்களோ அத்தகையன அல்ல. லினக்ஸ் என்னும் இயக்குதளத்தின் உட்கருவை எடுத்துக்கொள்வோம். ஆண்டிராய்டுக் கைப்பேசிகளின் அடியில் இயங்குவதும் இதுவே. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 1991ஆம் ஆண்டில் தனியொருவராகத் தொடங்கிய இந்நிரல், இன்று மூன்று கோடி வரிகளுக்கு மேல் வளர்ந்துள்ளது. ஏறத்தாழ ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை இதன் புதிய பதிப்பு வெளிவருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. அவற்றைச் செய்வோர் ஆயிரவருக்கு மேற்பட்டவர். அவர்களுட் பலர் ஒருவரையொருவர் நேரிற் கண்டறியாதவர், வெவ்வேறு நாட்டினர், தம்முட் போட்டியிடும் நிறுவனங்களின் ஊழியரும் அவருள் உளர்.

இத்தனை கைகள் ஒரே நூலின்மேற் பட்டால், அந்நூல் சிதையாதிருத்தல் எவ்வாறு? எவ்வரியை யார் எழுதினார், என்று எழுதினார், எதன்பொருட்டு எழுதினார் என்பதனைப் பத்தாண்டு கழித்து ஒருவர் வினவினால் விடை கூறுவது யார்? இவ்வினாக்களுக்கு விடையாக எழுந்தவையே ஒட்டு, மாற்றக் குறிப்பு, களஞ்சியம் என்னும் மூன்றும்.

ஒட்டு என்பதனை ஆங்கிலத்தில் பேட்ச் என்பர். கிழிந்த ஆடையின்மேல் வைத்துத் தைக்கும் துண்டுக்கும் அதுவே பெயர். கணினித் துறையில் இஃது உருவகமாகத் தோன்றிய சொல் அன்று. உள்ளவாறே ஒட்டப்பட்ட தாளைக் குறித்தது. ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தில் 1944ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய மார்க்கு ஒன்று என்னும் கணிப்பொறிக்குக் கட்டளைகள் நீண்ட தாள்நாடாவில் துளைகளாக இடப்பட்டன. தவறான இடத்தில் துளை விழுந்துவிட்டால், நாடா முழுவதையும் எறிந்துவிட்டு மீண்டும் தொடங்க யாரும் துணியார். சிறு தாள்துண்டு ஒன்றால் அத்துளையை மூடி ஒட்டுவர். அவ்வாறு ஒட்டுப் போட்ட நாடா இன்றும் காட்சிப்பொருளாகப் பாதுகாக்கப்படுகிறது. தாள்நாடா வழக்கொழிந்தது, சொல் மட்டும் நிலைத்தது.

இக்காலத்து ஒட்டு, துளையை மூடுவதன்று, வேறுபாட்டை உரைப்பது. ஒரு நூலின் பழைய படியையும் புதிய படியையும் அருகருகே வைத்து, மாறிய வரிகளை மட்டும் பிரித்துக் காட்டுவது அதன் இயல்பு. இவ்வேலையைச் செய்யும் டிஃப் என்னும் கருவி, 1970களின் முற்பகுதியில் அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றியது. டக்ளஸ் மெக்கில்ராய், ஜேம்ஸ் ஹன்ட் என்னும் இருவரும் அதன் கணக்கு முறையை 1976ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டனர். இரு படிகளிலும் அதே முறையில் வரும் வரிகளுள் மிக நீண்ட தொடரைக் கண்டறிந்து, எஞ்சியவற்றையே வேறுபாடு எனக் கொள்வது அம்முறையின் கருத்து.

பள்ளியொன்றின் தேர்வு முடிவுகளைக் கணிக்கும் நிரலை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் போதும் என்பது விதி. நிரலரோ "35க்கு மேல்" என்று எழுதிவிட்டார். சரியாக 35 பெற்ற மாணவன் தோற்றான் என்று பொறி அச்சிடுகிறது. இப்பிழையைக் கண்டவர் செய்யும் திருத்தம் பின்வருமாறு ஒட்டாக அமையும்:

   மதிப்பெண்ணைப் படி
-  மதிப்பெண் 35க்கு மேல் ஆயின் தேர்ச்சி என எழுது
+  மதிப்பெண் 35 அல்லது அதற்கு மேல் ஆயின் தேர்ச்சி என எழுது
   அடுத்த பெயருக்குச் செல்

கழித்தற்குறி இட்டது நீக்கப்பட்ட வரி. கூட்டற்குறி இட்டது சேர்க்கப்பட்ட வரி. குறியில்லாத வரிகள் மாறாதவை. மாறாத வரிகளை ஏன் எழுத வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். இடம் அறிதற்பொருட்டே அவை எழுதப்படுகின்றன. ஒட்டு ஒருவரிடமிருந்து மற்றொருவரை அடைவதற்குள், மூலநிரலின் முற்பகுதியில் வேறு சிலர் வரிகளைக் கூட்டியோ குறைத்தோ இருப்பர். நாற்பதாம் வரியாயிருந்தது ஐம்பதாம் வரியாகியிருக்கும். வரியெண்ணை மட்டும் நம்பினால் ஒட்டு வேறிடத்தில் விழும். முன்னும் பின்னும் நிற்கும் வரிகளை அடையாளமாகக் கொண்டால், இடம் பெயர்ந்திருந்தாலும் உரிய இடத்தைக் கண்டுகொள்ளலாம். இங்ஙனம் தேடிப் பொருத்தும் பேட்ச் என்னும் கருவியை லாரி வால் என்பார் 1985ஆம் ஆண்டில் எழுதி யாவர்க்கும் வழங்கினார். முழு நிரலையும் அனுப்ப வேண்டிய இடத்தில் நான்கு வரிகளை அனுப்பினாற் போதும் என்னும் நிலை இதனால் உண்டாயிற்று. இணைப்பு மிக மெதுவாயிருந்த அந்நாளில் இது பெரும்பேறு. எனினும் ஒட்டின் சிறந்த பயன் சுருக்கமன்று. மாற்றத்தை மட்டும் தனியே கண்முன் வைப்பதால், பிறர் அதனைப் படித்துக் குற்றங் குணம் ஆராய்தல் எளிதாகிறது. ஆயிரம் வரிக்குள் மறைந்திருக்கும் ஒரு சொல்லை எவரும் காணார். நான்கு வரிகளுள் நிற்கும் ஒரு சொல் எவர் கண்ணுக்கும் தப்புதல் அரிது.

இனி மாற்றக் குறிப்பு. மேற்காட்டிய ஒட்டு என்ன மாறிற்று என்பதனைத் தெளிவாகக் கூறுகிறது. ஏன் மாறிற்று என்பதனை அது கூறவில்லை. அதனைக் கூறுவது மனிதர் கடமை. ரிச்சர்டு ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டில் அறிவித்த குனூ திட்டத்தில், ஒவ்வொரு மென்பொருளோடும் ஒரு குறிப்பேடு வைக்கும் வழக்கம் வேரூன்றியது. நாள், மாற்றியவர் பெயர், அவர்தம் முகவரி, மாறிய கோப்பு, கோப்பினுள் மாறிய பகுதி என்பன அதில் முறையாக எழுதப்பட்டன. புதியன மேலும் பழையன கீழுமாக நின்றன. அக்குறிப்புகள் பெரும்பாலும் மாறியது இன்னதென்று கூறுவதோடு அமைந்தன. லினக்ஸ் உட்கருவைக் காப்போர் இதனினும் மிகுதியாக வேண்டுவர். எந்தக் குறையால் யாருக்கு என்ன தீங்கு நேர்ந்தது, இத்திருத்தம் அதனை எவ்வாறு போக்குகிறது என்பவற்றை விளக்காத ஒட்டினை அவர்கள் ஏற்பதில்லை. அக்குறிப்பினை ஏவல்வினையில் எழுதுக என்பது அவர்களது விதிகளுள் ஒன்று. "மாற்றினேன்" என்றோ "மாற்றப்பட்டது" என்றோ எழுதாமல், நிரலுக்கே கட்டளையிடுவது போல "35 பெற்றவரையும் தேர்ச்சியிற் சேர்" என்று எழுத வேண்டும். தொடர்ச்சொல்லில் வினைமுற்றின் இயல்பைப் பயின்ற மாணவர்க்கு இவ்விதி சுவை பயக்கும்.

"பிழை திருத்தப்பட்டது" என்று மட்டும் எழுதிவைப்போரும் உளர். அத்தகைய குறிப்பு இருந்தும் இல்லாததே. எப்பிழை என்பதனை எழுதியவரே ஆறு திங்களில் மறந்துவிடுவார். பின்வரும் நிரலர் அவ்வரியைக் கண்டு, "அல்லது என்பது இங்கே மிகை" என்று கருதி நீக்கிவிடின், 35 பெற்ற மாணவன் மீண்டும் தோற்பான். "சரியாக 35 பெற்றவர் தோற்றதாக அச்சாகிறது, விதிப்படி அவர் தேறியவர்" என்று ஒரு வரி எழுதியிருப்பின் அந்நிலை நேராது.

குறிப்பின் இறுதியில் கையொப்ப வரி ஒன்றும் உண்டு. லினக்ஸில் பிறர்க்குரிமையான நிரல் கலந்துள்ளது என்று நிறுவனமொன்று 2003ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தது. ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டிய நிலை ஏற்பட்டது. அதன்பின் 2004ஆம் ஆண்டில், ஒட்டினை எழுதியவரும், அதனை வாங்கி மேலிடத்துக்கு அனுப்புபவரும், "இதனைத் தர எனக்கு உரிமை உண்டு" என்னும் பொருள்படத் தம் பெயரை முறையே எழுதும் வழக்கம் புகுத்தப்பட்டது. ஓர் ஒட்டு மூவர் கைமாறி வந்ததாயின் மூவர் பெயரும் அதில் நிற்கும்.

ஒட்டும் குறிப்பும் ஓரிடத்தில் சேர்ந்து நிலைத்திருக்க வேண்டும். அவ்விடமே களஞ்சியம். பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராக்கைண்டு 1972ஆம் ஆண்டில் அமைத்த முறையும், பர்டூப் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் டிக்கி 1980களின் தொடக்கத்தில் அமைத்த முறையும் இவ்வகையில் முன்னோடிகள். அவற்றில் ஒரு கோப்பினைத் திருத்த விரும்புபவர் அதனைப் பூட்டிவிட்டு எடுத்துச் செல்வார். அவர் திருப்பித் தரும்வரை ஏனையோர் காத்திருக்க வேண்டும். பூட்டியவர் விடுமுறையிற் சென்றுவிட்டால் வேலை நின்றுவிடும். ஆம்ஸ்டர்டாமில் டிக் குரூன் என்பார் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட சி.வி.எஸ். என்னும் முறை பூட்டினை அகற்றியது. யாரும் எப்பொழுதும் திருத்தலாம். பின்னர் இணைத்துக்கொள்ளலாம் என்றது.

இணைப்பது எவ்வாறு? இருவர் ஒரே படியைப் பெற்றுத் தனித்தனியே திருத்தி வருகின்றனர். இருவர் படிகளை மட்டும் ஒப்பிட்டால், வேறுபட்ட ஒரு வரியை இவர் மாற்றினாரா, அவர் மாற்றினாரா என்று அறிய இயலாது. இருவர்க்கும் பொதுவான மூலப்படியும் கையில் இருந்தால் ஐயமில்லை. மூலத்தோடு ஒத்திருப்பது மாறாதது, ஒவ்வாதது மாறியது. மாறியதனை ஏற்றுக்கொண்டாற் போதும். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த புலவர்கள் பாடவேறுபாடுகளுக்கிடையே பட்ட துன்பமெல்லாம், ஆசிரியர் கைப்பட எழுதிய அந்த மூல ஏடு கிட்டாமையால் வந்ததே. களஞ்சியத்தில் மூலம் என்றும் அழிவதில்லை.

எனினும் மூலமிருந்தும் தீராத நிலை ஒன்று உண்டு. தேர்வு நிரலில் ஒருவர் "35 அல்லது அதற்கு மேல்" என்று திருத்த, அதே நாளில் மற்றொருவர் அதே வரியில் 35ஐ 40 ஆக்கிவிடுகிறார் எனக் கொள்வோம். இங்கே இருவரும் மூலத்தினின்று மாறியுள்ளனர். பொறி இருவருள் எவரையும் சார்ந்து தீர்ப்புக் கூறாது. இருவர் எழுதியதனையும் எல்லைக்குறிகளுக்கிடையே ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து நின்றுவிடும். தேர்ச்சி விதி யாதென அறிந்த மனிதர் வந்து முடிவு செய்ய வேண்டும்.

லினக்ஸ் தோன்றிய முதற் பத்தாண்டில் அதற்கு இத்தகைய களஞ்சியம் இல்லை. ஒட்டுகள் மின்னஞ்சல் வழியாக டோர்வால்ட்ஸை அடைந்தன. அவர் ஒவ்வொன்றையும் படித்துத் தம் கையாலேயே பொருத்தினார். அனுப்பிய ஒட்டு சேர்க்கப்பட்டதா, தவறவிடப்பட்டதா என்று அறியாமல் பலர் மீண்டும் மீண்டும் அனுப்பினர். வேலை ஒருவர் தாங்கும் அளவைக் கடந்தது. 2002ஆம் ஆண்டில் பிட்கீப்பர் என்னும் தனியுரிமை மென்பொருளை அவர் மேற்கொண்டார். தனியுரிமைக் கருவியைத் தொட விரும்பாத நிரலர்க்காக, அதே நிரலின் படியொன்று சி.வி.எஸ். முறையிலும் வைக்கப்பட்டது. மூலம் ஓரிடம், படி ஓரிடம் என்னும் இந்த அமைப்பில்தான் 2003ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது.

மூலக் களஞ்சியத்தினின்று படிக்கு வரும் ஒவ்வொரு மாற்றமும், மூலத்தில் தனக்குரிய பதிவு எது என்று சுட்டும் குறிப்போடு வரும். படியிற் சேர்ந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் அத்தகைய குறிப்பு இல்லை. மூலத்திலோ அம்மாற்றமே இல்லை. பிட்கீப்பரின் ஆசிரியரான லாரி மெக்வாய் நவம்பர் 5ஆம் நாள் இதனை யாவர்க்கும் அறிவித்தார். படி இருந்த கணினியில் யாரோ புகுந்து இரண்டு வரிகளைச் செருகியிருந்தனர்.

அவ்விரு வரிகளையும் மேலோட்டமாகப் படிப்பவர்க்கு ஐயம் எழாது. ஒரு செயல் தன் கிளைச்செயல் முடியும்வரை காத்திருத்தற்குரிய பகுதியில் அவை இருந்தன. "இன்ன இரு குறிகளும் ஒருங்கே தரப்பட்டு, அழைத்தவரின் பயனர் எண்ணும் சுழியமாயின், தவறான கோரிக்கை எனத் திருப்பு" என்பது அவற்றின் தோற்றப்பொருள். காவலை மிகுவிக்கும் வரிகள் போலவே அவை காணப்பட்டன. ஆனால் சி என்னும் நிரல்மொழியில் சமக்குறி இரண்டு அடுத்து நின்றால் "சமமா" என்று வினவும். ஒன்று மட்டும் நின்றால் "ஆக்குக" என்று ஏவும். செருகியவர் இரண்டு இட வேண்டிய இடத்தில் ஒன்றே இட்டிருந்தார். ஆகவே, "பயனர் எண் சுழியமா" என்ற வினா, "பயனர் எண்ணைச் சுழியமாக்குக" என்ற ஏவலாயிற்று. யூனிக்ஸ் வழிவந்த இயக்குதளங்களில் சுழிய எண்ணுக்குரியவர் தலைமைப் பயனர்; அவர்க்கு அடைத்த கதவு இல்லை. அவ்விரு குறிகளையும் சேர்த்துத் தந்து அழைக்கத் தெரிந்த எவரும், ஒரே நொடியில் அக்கணினிக்குத் தலைவராகிவிடலாம். மேலும், சுழியம் அம்மொழியில் பொய்ம்மைக்கு நிகராதலின், நிபந்தனை நிறைவேறாது. தவறான கோரிக்கை என்னும் செய்தியும் வராது. திருடன் உள்ளே வந்த ஓசையும் கேளாதவாறு அமைத்த திட்டம் அது.

ஓர் எழுத்துக் குறைவால் பொருள் திரிதல் தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. பழைய நூல்களிற் பிற்காலத்தார் தம் பாடல்களைச் செருகியதனை இடைச்செருகல் என்பர். அதனைக் கண்டறிய நடையையும் யாப்பையும் ஆராய்ந்து அறிஞர்கள் நெடுநாள் வாதிட வேண்டியிருந்தது. லினக்ஸ் நிரலிற் புகுந்த இடைச்செருகலோ விரைவிலேயே வெளிப்பட்டது. நடை காட்டிக் கொடுக்கவில்லை. பதிவில்லாமையே காட்டிக் கொடுத்தது. செருகியவர் யாரென்பது வெளிப்படவேயில்லை. அவ்வரிகள் மூலத்தையோ வெளியீட்டையோ அடையவும் இல்லை.

பிட்கீப்பரை விலையின்றி வழங்கும் ஏற்பாடு 2005ஆம் ஆண்டில் முறிந்தது. டோர்வால்ட்ஸ் அவ்வாண்டு ஏப்ரல் 3ஆம் நாள் தாமே ஒரு கருவியை எழுதத் தொடங்கினார். 7ஆம் நாள் அக்கருவி தன் மாற்றங்களைத் தானே பதியும் நிலையை எய்தியது. அதுவே கிட். சூன் திங்களில் வெளிவந்த லினக்ஸ் பதிப்பு கிட் களஞ்சியத்திலிருந்தே உருவாயிற்று. சூலைத் திங்களில் கிட்டினைப் பேணும் பொறுப்பு சூனியோ ஹமானோ என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டது.

கிட் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண்முத்திரை இடுகிறது. நிரலின் முழு உள்ளடக்கம், எழுதியவர் பெயரும் நாளும், சேர்த்தவர் பெயரும் நாளும், மாற்றக் குறிப்பு, இதற்கு முந்திய பதிவின் முத்திரை ஆகிய யாவற்றினின்றும் ஒரு கணக்கு முறையால் அம்முத்திரை பெறப்படும். 40 குறிகள் கொண்ட அதனை யாரும் தம் விருப்பப்படி அமைத்தல் இயலாது. உள்ளடக்கத்தில் ஒரு புள்ளி மாறினாலும் முத்திரை முற்றும் வேறாகிவிடும். ஒவ்வொரு முத்திரையினுள்ளும் முந்திய முத்திரை அடங்கியிருத்தலால், பத்தாண்டுக்கு முற்பட்ட பதிவொன்றை யாரேனும் திருட்டுத்தனமாகத் திருத்தினால், அதன்பின் வந்த பதிவுகள் அனைத்தின் முத்திரைகளும் மாறிப்போகும். களஞ்சியத்தின் முழுப்படி ஆயிரக்கணக்கானோரின் கணினிகளில் இருப்பதால், அம்மாற்றத்தை மறைக்கவும் இயலாது. இவ்வாறு இருவேறு கோப்புகளுக்கு ஒரே முத்திரை அமையுமாறு செய்ய முடியும் என்று 2017ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் காட்டினர். அதற்கேற்பக் காவல் வலுப்படுத்தப்பட்டது. 64 குறிகள் கொண்ட வலிய முத்திரைக்கும் பின்னர் வழி செய்யப்பட்டது.

தவறான மாற்றம் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தால், பலரிடம் சென்றடைந்த பதிவை அழிப்பது முறையன்று. அதற்கு மறுதலையான ஒட்டு ஒன்றைப் புதிய பதிவாகச் சேர்ப்பர். கணக்கேட்டில் தவறான வரவினைச் சுரண்டி அழிக்காமல், எதிர்ப்பதிவு எழுதி நேர்செய்யும் கணக்கர் வழக்கம் இதனை ஒத்தது.

இவ்வளவு கவனத்தோடு காத்த பதிவின் பயன் பிழை தேடும்போது வெளிப்படுகிறது. போன மாதப் பதிப்பு நன்றாக இயங்கிற்று. இந்த மாதப் பதிப்பு இயங்கவில்லை. இடையே ஆயிரம் மாற்றங்கள். குற்றவாளியான மாற்றம் எது? நடுவில் நிற்கும் ஐந்நூறாம் மாற்றம் வரை சேர்த்து இயக்கிப் பார்த்தல் வேண்டும். இயங்கினால் பிழை பிற்பாதியில் உள்ளது. இயங்காவிடின் முற்பாதியில் உள்ளது. எஞ்சிய பாதியை மீண்டும் இரண்டாக்குவர். ஆயிரம் மாற்றங்களுக்குப் பத்துச் சோதனைகள் போதும். பதினாயிரத்துக்குப் பதினான்கு போதும். ஒவ்வொரு ஒட்டும் ஒரு கருத்தை மட்டும் கொண்டதாயும், அதுவரை சேர்த்த நிரல் முழுமையாக இயங்குவதாயும் இருத்தல் வேண்டும் என்று களஞ்சியம் காப்போர் கடிந்து கூறுவதன் காரணம் இப்பொழுது விளங்கும். அரைகுறையான ஒட்டு நடுவே நின்றால் சோதனை அவ்விடத்தில் தடைப்படும். பத்துத் திருத்தங்களை ஒரே ஒட்டில் அடைத்தால், குற்றவாளி அகப்பட்டும் பத்தில் எது என்று தெரியாது.

ஒவ்வொரு வரியின் அருகிலும் அதனை எழுதியவர் பெயரையும் நாளையும் காட்டும் கட்டளையும் உண்டு. அதற்குப் பழிசுமத்தல் என்னும் பொருள்படும் பெயரை ஆங்கிலத்தில் இட்டுவிட்டனர். பெயர் நன்றன்று. பழிப்பதைவிடச் சிறந்த பயன்கள் அதற்கு உண்டு. இணையவழிச் செய்திகளை மறைபொருளாக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் நிரலில் ஒரு கொடிய பிழை இருந்ததனை 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் உலகம் அறிந்தது. இதயக் கசிவு என்னும் பொருளில் அதற்கு ஹார்ட்பிளீடு எனப் பெயரிட்டனர். கடவுச்சொற்களையும் மறைத் திறவுகோல்களையும் அயலார் உறிஞ்சிக்கொள்ள அது வழி திறந்திருந்தது. அப்பிழை களஞ்சியத்திற் சேர்ந்தது 2011ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் என்று பதிவு காட்டிற்று. 2012 மார்ச்சுத் திங்களில் வெளிவந்த 1.0.1 என்னும் பதிப்பிலேயே அது முதன்முதல் மக்களை அடைந்தது. ஆகவே அதற்கு முற்பட்ட பதிப்புகளை வைத்திருந்தோர் அஞ்ச வேண்டியதில்லை என்றும், அதற்குப் பிற்பட்டவற்றை வைத்திருந்தோர் உடனே புதுப்பிக்க வேண்டும் என்றும் உறுதியாகக் கூற முடிந்தது. பதிவில்லாதிருந்தால் தீங்கின் எல்லை தெரியாமல் யாவரும் நடுங்கியிருப்பர்.

பதிவு எல்லாவற்றையும் காக்கும் என்று எண்ணுதலும் தவறு. 2024ஆம் ஆண்டு நிகழ்ச்சி அதனைக் காட்டிற்று. எக்ஸ்.இசட். என்பது கோப்புகளைச் சுருக்கும் எளிய நிரல். லினக்ஸ் கணினிகளிற் பெரும்பாலானவற்றில் உள்ளது. அதனை நெடுங்காலம் ஒருவரே ஊதியமின்றிப் பேணி வந்தார். அவர்க்கு உதவுவார் போல ஒருவர் வந்து, இரண்டாண்டுகளுக்கு மேலாகப் பயனுள்ள ஒட்டுகளைத் தந்து, நன்னம்பிக்கை பெற்று, களஞ்சியத்தின் திறவுகோலையும் அடைந்தார். பின்னர்த் தீநிரலைச் செருகினார். அதனை அவர் மறைத்த வகை நுட்பமானது. வரிவரியான எழுத்துக்கே டிஃப் கருவி வேறுபாடு காட்டும். எழுத்தல்லாத கோப்பு மாறினால் "வேறுபடுகிறது" என்று கூறுவதோடு அமையும். ஆதலின் அவர் தீநிரலைச் சோதனைக்கான சுருக்கிய கோப்புகள் இரண்டனுள் வைத்தார். அவை களஞ்சியத்தில் யாவரும் காணவே இருந்தன; கண்டும் யாரும் படிக்க இயலவில்லை. அவற்றைத் தட்டியெழுப்பும் வரிகளைக் களஞ்சியத்தில் வையாமல், பதிப்பாக வெளியிடும் பொதியில் மட்டும் வைத்தார். பதிவைப் படித்தோர் பொதியைப் பார்க்கவில்லை. பொதியைப் பெற்றோர் பதிவோடு அதனை ஒப்பிடவில்லை.

அதனைக் கண்டறிந்தவர் ஆண்ட்ரெஸ் பிராய்ண்டு என்னும் பொறியாளர். தொலைவிலுள்ள கணினியினுள் நுழைவதற்கு வழக்கத்தினும் அரை நொடி மிகுதியாவதனை அவர் உணர்ந்து, காரணம் தேடிச் சென்று எக்ஸ்.இசட். நிரலை அடைந்தார்; மார்ச்சு 29ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். 5.6.0, 5.6.1 என்னும் இரு பதிப்புகளே நஞ்சுடையவை என்பது தெளிவாயிற்று. அவை பெரும்பாலான கணினிகளை இன்னும் எட்டவில்லை. அதன்பின் அவ்வொருவர் பெயரில் அமைந்த மாற்றங்கள் ஆராயப்பட்டன. ஒரு காவலைச் செயலறச் செய்த ஒற்றைப் புள்ளியும் அவ்வாராய்ச்சியில் அகப்பட்டது. முன்னைய காப்பாளர் அவ்வாண்டு மே 29ஆம் நாள் தீநிரல் நீக்கிய 5.6.2 என்னும் பதிப்பை வெளியிட்டார். செருகியவர் எழுதிய பதிவுகளும், அவற்றை நீக்கிய பதிவுகளும், நாளும் பெயரும் முத்திரையும் மாறாமல் அக்களஞ்சியத்தில் இன்றும் வரிசையாக உள்ளன.